குகைக்கும் பேய் வீட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்பும் முன்

செப்டம்பர் பிறந்தாலே எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான்காம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் குகை பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்பு மகளுக்கு, அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்காக நடிகர்கள் வேஷம் கட்டிப் பயமுறுத்தும் பேய் வீடு. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் என் மாமியாருக்கு எல்லாரும் சேர்ந்து போகிற இடம் எதுவானாலும் சந்தோஷம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறோம் என்பதால் இரண்டு வகையும் காரில் போய்வரும் தூரத்திலேயே கிடைக்கிறது. வருடா வருடம் கிளம்பிப் போய்ப் பழகியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இந்த இரண்டு இடத்துக்கும் யாரையும் சர்ப்ரைஸாகக் கூட்டிப்போகக் கூடாது. உள்ளே என்ன இருக்கும், எவ்வளவு நேரம் ஆகும், வேண்டாம் என்றால் எந்த இடத்தில் திரும்பலாம் என்பதையெல்லாம் சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடுமே என்று தோன்றும். போகாது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த குழந்தைதான் அதை நின்று ரசிக்கும்.

குகையில் முதலில் பார்க்க வேண்டியது படி

எந்தக் குகை அழகு என்று தேடுவதற்கு முன்னால் எத்தனை படி, எத்தனை மைல், எவ்வளவு குனிய வேண்டும் என்று பாருங்கள். குழுவில் யாருடைய முழங்கால் பலவீனமோ அவரை வைத்துத்தான் குகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதியவர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது எங்கள் மாநிலத்து லூரே குகையைத்தான். படியே இல்லாத நுழைவு வழி இருக்கிறது. உள்ளே தரை போட்டிருக்கிறார்கள், மொத்த நடை ஒன்றேகால் மைல் அளவு. ஏற்ற இறக்கம் கொஞ்சம் உண்டு, அதனால் மெதுவாக நடக்கிறவர்களுக்கு நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி பின்னாலேயே ஓட வேண்டியதில்லை, உங்கள் வேகத்தில் நடக்கலாம்.

கென்டக்கியின் மேமத் குகை வேறு ரகம். இதுவரை அளந்ததே 420 மைலுக்கு மேல், உலகத்திலேயே நீளமான குகை அதுதான். தேசியப் பூங்கா என்பதால் பெரும்பாலும் ரேஞ்சர்கள் என்கிற பூங்கா ஊழியர்களோடு குழுவாகத்தான் சுற்ற வேண்டும், சுற்றுக்குச் சுற்று கடினம் மாறும். ஃப்ரோசன் நயாகரா என்ற சுற்று கால் மைல்தான், சின்னக் குழந்தைகளுக்கும் பாட்டிமாருக்கும் அது போதும். ஹிஸ்டாரிக் சுற்று இரண்டு மணி நேரம். நூற்றுக்கணக்கான படிகள் உண்டு, உடம்பை ஒருக்களித்து நுழைகிற சந்துகளும் உண்டு. பத்து வயதுப் பையனுக்கு அது சொர்க்கம், குறுகிய, மூடிய இடம் ஆகாதவர்களுக்கு நரகம். தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை, முதுகில் மாட்டும் குழந்தைக் கூடைக்கும் இல்லை. நடக்கப் பழகாத குழந்தை என்றால் மார்போடு கட்டிக்கொள்கிற துணிப்பைதான் வழி. இலையுதிர் காலச் சனி, ஞாயிறுகளில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காமல் ஆன்லைனில் முன்பதிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, அந்தக் குகை மத்திய நேர மண்டலத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் மணி அந்த மணி. கிழக்கிலிருந்து போகிறவர்களுக்குக் கையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

வெளியே எந்த வெயிலாக இருந்தாலும் குகைக்குள் ஒரே குளிர்தான். லூரேயிலும் மேமத்திலும் வருடம் முழுக்க 54 டிகிரி ஃபாரன்ஹீட் ஒட்டியே இருக்கும், அதாவது 12 டிகிரி செல்சியஸ். அந்த வட்டாரத்தின் வருடச் சராசரி வெப்பம்தான் பாறைக்குள் அப்படியே தங்கிவிடுகிறது. அதற்காகக் கனமான ஸ்வெட்டரைப் போட்டு அனுப்பாதீர்கள். உள்ளே காற்றில் ஈரம் அதிகம், கொஞ்ச தூரம் நடந்ததுமே வியர்க்கும். முன்பக்கம் ஜிப் வைத்த மெல்லிய ஜாக்கெட்தான் வசதி, வேண்டும்போது திறந்துவிடலாம். காலுக்கு ரப்பர் அடியுள்ள மூடிய ஷூ. சொட்டுகிற தண்ணீரில் தரை வழுக்கும், செருப்பு வேண்டவே வேண்டாம். என் மாமியார் புடவையில்தான் வருவார். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி ஷூ போட்டுக்கொள்வார், அதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

பாத்ரூம் வேலையை வெளியிலேயே முடித்துவிட வேண்டும். போன் சிக்னல் கிடைக்காது, ஆகவே யார் யாரோடு நடப்பது, பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்பதை வாசலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரேஞ்சர் கூட்டிப்போகும் சுற்றுகளில் ஓர் இடத்தில் எல்லாரையும் நிறுத்திவிட்டு விளக்கை அணைப்பது வழக்கம். நாம் வீட்டில் பார்க்கிற இருட்டு இருட்டே இல்லை, எங்கிருந்தாவது ஒரு கீற்று வந்துகொண்டுதான் இருக்கும். அங்கே கையை மூக்குக்கு முன்னால் ஆட்டினாலும் தெரியாது. இதைச் சொல்லாமல் கூட்டிப்போன குழந்தை வீறிடும். நான் செய்வது இதுதான்: ஜன்னல் இல்லாத அறையில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் இருபது வரை எண்ணுவோம். முடிந்ததும் அவனே ஸ்விட்சைப் போடுவான். குகையில் விளக்கு அணைந்ததும் என் கையைத் தேடிப் பிடித்து மெல்ல எண்ண ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற வேறொரு குழந்தையும் சேர்ந்து எண்ணியது.

உள்ளே போனால் எதைக் காட்டுவது

கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழுவது கல்முளை என்று பள்ளியில் படித்ததை வரிசையாக ஒப்பித்தால் குழந்தைகள் காதில் வாங்க மாட்டார்கள். ஒரு சொட்டைக் காட்டுங்கள். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. கூரையில் தொங்கும்போது வாயு பிரிந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பில் ஒரு துளி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. லூரேயில் ஒரு கன அங்குலம் வளர 120 வருடம் ஆகும் என்று சொல்கிறார்கள். அப்புறம் ஏன் தொடக் கூடாது என்று நீங்கள் அதட்டவே வேண்டியதில்லை. விரலில் உள்ள எண்ணெய் படிந்தால் அடுத்த சொட்டின் சுண்ணாம்பு அங்கே ஒட்டாது என்று சொன்னால் போதும், பிள்ளைகளே கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்கள்.

லூரேயில் ட்ரீம் லேக் என்று ஒரு சின்னக் குளம். என் மாமியார் அதன் ஓரத்தில் நின்று, "இவ்வளவு ஆழப் பள்ளம் இருக்கே, பையனைக் கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா" என்றார். பையன் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, அது தண்ணி. மேல தொங்கறதுதான் கீழ தெரியுது" என்றான். அவர் நம்பவில்லை. கீழே நூற்றுக்கணக்கான கல் ஊசிகள் நிமிர்ந்து நிற்பதாகவே தெரிந்தது, தண்ணீர் என்பதற்கு அடையாளமே இல்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து அந்தக் காடு முழுவதும் வட்டமாக நெளிந்தபோதுதான் சிரித்தார். ஆழம் இரண்டடிகூட இருக்காது. இங்கே வேகமாகக் கடந்துபோய்விடாதீர்கள், சொட்டு விழும் வரை நில்லுங்கள்.

அதே குகையில் ஓர் ஆர்கன் வாத்தியம் இருக்கிறது. லீலண்ட் ஸ்பிரிங்கிள் என்பவர் 1950களில் வருடக்கணக்கில் குகையைச் சுற்றித் தட்டிப் பார்த்து, சரியான சுருதி கொடுக்கும் கல்விழுதுகளைத் தேர்ந்தெடுத்து, சுருதி சேராததைத் தேய்த்துச் சேர்த்துச் செய்தது. வாத்தியத்தின் கட்டையை அழுத்தினால் எங்கோ தூரத்தில் ரப்பர் முனை வைத்த சுத்தியல் ஒரு கல்லைத் தட்டும். மூன்றரை ஏக்கர் பரப்பிலிருந்து சத்தம் வருவதால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. மேமத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் ஸ்டீவன் பிஷப். 1838இல் அடிமையாக அங்கே கொண்டுவரப்பட்ட இளைஞர். அதற்குமுன் யாரும் தாண்டாத படுகுழியைத் தாண்டிப்போய் அந்தப் பக்கத்துக் குகையைக் கண்டுபிடித்தவர், நினைவிலிருந்தே வரைபடம் வரைந்தவர். அவர் கையில் இருந்தது எண்ணெய் விளக்குதான் என்று சொன்னதும் என் மகன் தன் டார்ச்சையே உற்றுப் பார்த்தான்.

வௌவால் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2006இல் நியூயார்க் மாநிலக் குகையில் முதலில் பதிவான வெண்மூக்கு நோய் என்கிற பூஞ்சைத் தொற்று வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் நம் செருப்பிலும் துணியிலும் ஒட்டி ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். ஆகவே ஒரு குகைக்குப் போட்ட ஷூவை வேறு குகைக்குப் போடாதீர்கள். மேமத்தில் வெளியே வரும்போது சோப்புத் தண்ணீர் நனைத்த பாய்மேல் நடக்கச் சொல்வார்கள், தாண்டிக் குதிக்காமல் நடங்கள். நியூ மெக்ஸிகோ பக்கம் போக வாய்த்தால் கார்ல்ஸ்பாட் குகை வாசலில் மாலையில் உட்காருங்கள். கோடை முதல் அக்டோபர் வரை வௌவால்கள் கூட்டம் கூட்டமாகச் சுழன்று வெளியே பறக்கும். போன், கேமரா எதற்கும் அனுமதி இல்லை, எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

பேய் வீட்டுக்கு டிக்கெட் எடுக்கும் முன்

செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் 31 வரை ஊருக்கு ஊர் பேய் வீடுகள் திறக்கும். இங்கே என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. வயதை அவர்கள் போட்டிருப்பதைவிடக் குறைத்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 13 வயதுக்குக் கீழே பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருந்தால் எட்டு வயதுப் பிள்ளை 'எனக்குப் பயமே இல்லை' என்று சொன்னாலும் வேண்டாம். சின்ன வயதில் வேஷம் என்று புத்திக்குத் தெரிந்தாலும் உடம்புக்குத் தெரியாது. அவர்களுக்குப் பூசணித் தோட்டம் இருக்கிறது, சோளக்கொல்லைக்குள் வழி கண்டுபிடிக்கிற விளையாட்டு இருக்கிறது, பகல் நேரத்தில் விளக்குப் போட்டுக் காட்டுகிற பேய் வீடுகளும் சில உண்டு.

முன்பதிவுப் பக்கத்தில் மூன்று விஷயம் தேடுங்கள். நடிகர்கள் நம்மைத் தொடுவார்களா மாட்டார்களா என்பது முதலாவது. பெரும்பாலான இடங்களில் தொட மாட்டார்கள், சில இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொடுவார்கள். இரண்டாவது, வேகமாக வெட்டி வெட்டி மின்னும் விளக்கும் புகையும். வலிப்பு வருகிறவர்களுக்கு அந்த விளக்கு ஆகாது, ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பையில் அல்ல, கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, நடுவில் வெளியேறுவது எப்படி. ஒரு சொல்லைச் சொன்னால் வழிகாட்டி வெளியே விடுவார்கள் என்ற ஏற்பாடு பல இடத்தில் உண்டு. அது இல்லாவிட்டாலும் அவசர வழிகள் எங்கே என்று வாசலில் நிற்கிற ஊழியரைக் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். 1984 மே மாதம் நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் பேய் மாளிகை தீப்பிடித்து எட்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். தண்ணீர் தெளிக்கும் கருவிகள் அங்கே இல்லை. அதற்குப் பிறகுதான் இப்படிப்பட்ட கட்டடங்களுக்கான தீ விதிகள் இறுகின. அவசர வழிப் பலகையும் கூரையில் தெளிப்பானும் இல்லாத இடம் எவ்வளவு பிரபலமானாலும் நான் பிள்ளைகளை உள்ளே விட மாட்டேன்.

வரிசையில் நிற்கும்போதே ஆட்டம் தொடங்கிவிடும். ரம்பத்தை உறுமவிட்டுக்கொண்டு ஒருவர் ஓடி வருவார். என் மகள் என் கையை இறுக்கி, "அம்மா, அது நிஜ ரம்பமா?" என்றாள். பல்லுள்ள சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார்கள், சத்தமும் பெட்ரோல் வாடையும் மட்டும் நிஜம் என்றேன். அடுத்த முறை அவர் பக்கத்தில் வந்தபோது அவள் முகமூடியைப் பார்க்கவில்லை, ரம்பத்தின் விளிம்பைப் பார்த்தாள். சங்கிலி இல்லை. அப்புறம் அவளே முன்னால் நடந்தாள். ஒப்பனை எப்படிப் போடுகிறார்கள், கதவுக்குப் பின்னால் ஆள் எங்கே ஒளிவார் என்று வீட்டிலேயே வீடியோ காட்டிவிடுங்கள். பயம் குறையும், பார்க்கிற கண் கூடும்.

உள்ளே முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், பிள்ளைகள் நடுவில். அலறுகிறவரைத் தேடித்தான் நடிகர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள், அது அவர்கள் தொழில். யாரும் பதற்றத்தில் அவர்களை அடிக்கவோ தள்ளவோ கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்த முகமூடிக்குள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள்தான் இருப்பார்கள்.

வாசல் வரை வந்து ஒரு குழந்தை வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. டிக்கெட் பணம் திரும்பி வராது, அது போனதாகவே இருக்கட்டும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சே' என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் வெளியில் இருப்பது வழக்கம். அநேகமாக அது என் மாமியார். பேய் பிசாசு விஷயத்தில் அவருக்கு நம்பிக்கை உண்டு, அதை வைத்து நாங்கள் கேலி செய்வதில்லை. தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிற மாதிரிதான் அத்தை என்று சொன்னபிறகு, வெளியே வந்து இளைப்பாறுகிற நடிகர்களை அவர் பக்கத்தில் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.

குகையையும் பேய் வீட்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். குகை நடை காலைப் பிடித்துவிடும், களைத்த குழந்தைக்குப் பயம் இரட்டிப்பாகத் தெரியும். குகைக்குக் காலை முதல் டிக்கெட், கூட்டம் குறைவு. பேய் வீட்டுக்கு அக்டோபர் தொடக்கத்து வெள்ளிக்கிழமை, ஹாலோவீனை ஒட்டிய வாரத்தில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். திரும்பும் வழியில் காரில் பாட்டுப் போடாமல் பிள்ளைகளைப் பேசவிடுங்கள், எந்த அறை ரொம்பப் பயமாக இருந்தது என்று நீங்களே கேளுங்கள். அன்று இரவு விளக்கு எரியட்டும் என்றால் எரியட்டும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் தூக்கம் கெட்டால் அடுத்த வருடம் அந்தப் பிள்ளைக்குப் பூசணித் தோட்டம்தான்.