சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம்?

டொராண்டோவில் குடியேறிய முதல் மாதத்தில், ஊரிலிருந்து அழைப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பூமிப்பந்தின் மேல் அளந்தால், சென்னை விமான நிலையத்துக்கும் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து என்றால் ஏறத்தாழ 14,000.

சுவர் வரைபடத்தைப் பார்ப்பவர்கள், ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக்கையும் தாண்டி நேர்மேற்கே பறக்க வேண்டும் என்று எண்ணுவார்கள். ஆனால் இரு நகரங்களும் தீர்க்கரேகையில் சுமார் 160 பாகை விலகி, பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடக்கே ஏறி, கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் பகுதி, நார்வேயின் வடகோடி, கிரீன்லாந்து ஆகியவற்றைக் கடந்து கியூபெக் வழியாக இறங்குகிறது. இந்த வழியில் நீங்கள் பறக்கப்போவதில்லை. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. கனடிய விமானங்களுக்கு 2022 முதல் ரஷ்ய வான்வெளியும் மூடப்பட்டிருக்கிறது.

துபாய் வழியாக வந்தால் மொத்தம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர், பிராங்பர்ட் வழியாக 13,900, ஹாங்காங் வழியாக 16,300. முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பறக்கும் நேரத்தில் சில நிமிடங்களே என்பதால், பயணச்சீட்டு வாங்கும்போது கிலோமீட்டரைப் பார்ப்பதைவிட இடைநிலையத்தில் காத்திருக்கும் நேரத்தைப் பார்ப்பதே பயனுள்ளது. ஒன்றரை மணி நேரம் மட்டுமே இடைவெளி உள்ள மலிவான சீட்டு, வயதான பெற்றோருக்கு மலிவானதே அல்ல. அவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேர இடைவெளியும், சீட்டு வாங்கும்போதே கேட்டுப் பெற்ற சக்கர நாற்காலி உதவியும் வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவராக இருந்தால், பயண நாளில் மாத்திரை வேளையை எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணம் முழுவதையும் ஒரே சீட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

தூரத்தை அன்றாடம் உணர்த்துவது கடிகாரம்தான். சென்னை நேரம் டொராண்டோவை விடக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரமும் முன்னே செல்கிறது. இங்கே இரவு 9 மணிக்கு அழைத்தால் அங்கே குளிர்காலத்தில் மறுநாள் காலை 7.30, கோடையில் 6.30. மாறுவது நம் கடிகாரம் என்பது அவர்களுக்குத் தெரியாததால், ஆண்டுக்கு இருமுறை "ஏன் இன்று நேரம் தவறியது?" என்ற விசாரணை வரும்.

அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தால், காத்திருப்பும் சேர்த்து வீட்டு வாசலை எட்ட ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே கடவுச்சீட்டும், நிரந்தரக் குடியிருப்பாளருக்கான (PR) அட்டையும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை காலாவதியான நிலையில் ஊருக்குப் போய்விட்டால், அங்கிருந்து தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துப் பெற்ற பிறகே டொராண்டோ விமானத்தில் ஏற முடியும்.