பனிக்காலப் பயணம்: வாகனத்தில் எதை, எங்கே வைப்பது

2010-ஆம் ஆண்டு டிசம்பர் நடுப்பகுதியில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் தென்மேற்கே சார்னியாவுக்கு அருகில், நெடுஞ்சாலை 402-இல் 300-க்கும் மேற்பட்டோர் பனிப்புயலில் அகப்பட்டனர். பலர் ஒரு நாளளவும் வாகனங்களுக்குள்ளேயே காத்திருந்தனர். மீட்புப் பணிக்கு இராணுவ ஹெலிகொப்டர்களும் வந்தன. வாகனம் பழுதானதால் அவர்கள் நிற்கவில்லை, வீதி மூடுண்டதால் நின்றார்கள். கடைகளில் விற்கும் ஆயத்தப் பைகளில் பற்றரிக் கம்பி, இழுவைக் கயிறு, மெல்லிய கையுறை என்று பழுதுக்கு வேண்டியவையே நிறைந்திருக்கும். பழுதைவிடக் காத்திருப்பதற்கே கூடுதலாக ஆயத்தம் வேண்டும் என்பது என் எண்ணம். கீழே சொல்பவை அந்த எண்ணத்தில் தொகுத்தவை.

ஹூரன் ஏரியிலும் ஜோர்ஜியன் விரிகுடாவிலும் நீர் உறையாமல் இருக்கும் காலத்தில், அதன் மேலாக வீசும் கடுங்குளிர்க் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையோரத்தில் ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டுகிறது. ஆகவே ரொறன்ரோவில் வெயிலோடு புறப்பட்டு நெடுஞ்சாலை 400-இல் வடக்கே செல்பவர், பாரி நகரை எட்டும்போது முன்னால் செல்லும் வாகனத்தின் பின்விளக்கைக்கூடக் காணாத நிலைக்கு வந்துவிடலாம். புறப்படுமுன் ஒன்ராறியோவின் 511 சேவையில் வீதி நிலவரத்தைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குச் சேர்வீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

பொருள்களை வாங்குவதற்கு முன் அவற்றை வைக்கும் இடத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்துவிடுவதே நம்மவர் வழக்கம். ஆனால் பனி மூடிய டிக்கியின் மூடி உறைந்துபோனால் திறக்காது. திறந்தாலும், எதிரே எதுவும் தெரியாத புயலில் அதற்காக வெளியே இறங்குவது ஆபத்து. எனவே போர்வை, உணவு, தண்ணீர், விளக்கு, முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றோடு, பனி சுரண்டும் தூரிகையும் மடக்கக்கூடிய சிறிய ஷவலும் பின்னிருக்கையின் காலடியில் இருக்கட்டும். மணல், பற்றரிக் கம்பி, இழுவைக் கயிறு, கண்ணாடி கழுவும் திரவம் ஆகியவை டிக்கிக்குப் போகலாம்.

ஆளுக்கு ஒன்றாகக் கம்பளிப் போர்வையோ உறங்குபையோ வையுங்கள். பருத்திப் போர்வை நனைந்தால் சூட்டைக் காக்காது, கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு காக்கும். ஸ்காபறோவிலிருந்து மொன்றியலுக்குக் கல்யாணவீட்டுக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். பட்டுச்சேலையும் மெல்லிய செருப்புமாக ஏறி, வாகனத்துக்குள் சூடு இருக்கிறதுதானே என்று தடித்த கோட்டை வீட்டில் விட்டுவருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பனிக்காலணி, தடித்த காலுறை, தொப்பி, கையுறை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாகனத்திலேயே விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் வராது. குழந்தைகளைத் தடித்த கோட்டோடு குழந்தை இருக்கையில் பூட்ட வேண்டாம். மோதலின்போது கோட்டின் பஞ்சு அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். பட்டியைப் பூட்டிய பின்னர் மேலே போர்வையைப் போர்த்துவதே முறை.

அகப்பட்டு நிற்கும்போது குளிருக்கு நிகரான எதிரி இயந்திரப் புகை. புகைக்குழாயைப் பனி மூடினால் காபன் மொனொக்சைட் வாகனத்துக்குள் ஏறும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் வரும் தலைவலியையும் தூக்கக்கலக்கத்தையும் களைப்பென்றே எண்ணிவிடுவோம். ஷவலை உள்ளே வைக்கச் சொன்னதற்கு முதற்காரணம் இதுவே: இயந்திரத்தை இயக்கும் ஒவ்வொரு முறையும், முன்னதாக இறங்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். இயந்திரத்தை மணிக்கு 10 நிமிடமளவில் மட்டும் இயக்கி, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிவையுங்கள். நின்ற இடத்தில் ஓடும் சாதாரணக் கார் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 2 லீற்றர் பெற்றோலே குடிக்கும் என்பதால், இப்படி அளந்து இயக்கினால் அரைத் தாங்கிப் பெற்றோல் ஒரு நாளுக்கு மேலாகவும் தாங்கும். பனிக்காலத்தில் தாங்கியை அரைவாசிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மின்வாகனத்தில் புகைப் பிரச்சினை இல்லை. அதில் உட்காற்றைச் சூடாக்குவதைவிட இருக்கைச் சூட்டை மட்டும் பயன்படுத்தினால் மின்சாரம் நெடுநேரம் நிற்கும். ஆழமான தகரப் பேணிக்குள் வைத்து ஏற்றும் தடித்த மெழுகுதிரி சிறிதளவு சூட்டையும் வெளிச்சத்தையும் தரும், ஆனால் அதற்கும் கண்ணாடி சற்றுத் திறந்திருக்க வேண்டும்.

தண்ணீரைப் பிளாஸ்ரிக் போத்தல்களில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பிப் போர்வைக்குள் சுற்றிவையுங்கள். முழுதாக நிரப்பினால் உறையும்போது வெடிக்கும். தாகத்துக்குப் பனியை அப்படியே தின்றால் உடல் சூடு குறையும், அதனால் பேணியில் உருக்கிக் குடிப்பது நல்லது. கச்சான், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை போன்றவை உறைகுளிரிலும் கெடாமல் சக்தி தருபவை.

சாதாரண அல்கலைன் பற்றரிகள் கடுங்குளிரில் சோர்ந்துவிடுவதால், கைவிளக்குக்கு மைனஸ் 40 பாகை செல்சியஸ் வரை இயங்கக்கூடிய, ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் பற்றரிகளை வாங்குங்கள். தொலைபேசிக்கான பவர்பேங்கை வாகனத்தில் விட்டுவைப்பதில் பயனில்லை; உறைகுளிரில் கிடந்தது வேண்டிய வேளையில் கைகொடுக்காது. அதைக் கோட்டின் உட்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

டிக்கியில் இருப்பவற்றுள் மணல் முக்கியமானது. மைனஸ் 12 பாகை அளவுக்குக் கீழே சாதாரண உப்பு பனிக்கட்டியை உருக்குவது மிகக் குறைந்துவிடும், மணலோ எந்தக் குளிரிலும் சில்லுக்குப் பிடிப்புத் தரும். கட்டிபடாத வகைப் பூனைமணலும் உதவும். கட்டிபடும் வகை ஈரத்தில் சேறாகிவிடும். பற்றரிக் கம்பியை மாட்டும் வரிசையை ஒரு தாளில் எழுதிக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்: சிவப்பு முதலில் செத்த பற்றரியின் நேர்முனைக்கு, அதன் மறுநுனி நல்ல பற்றரியின் நேர்முனைக்கு, கறுப்பு நல்ல பற்றரியின் எதிர்முனைக்கு, கடைசி நுனி பழுதான வாகன இயந்திரத்தின் வண்ணம் பூசாத உலோகப் பகுதிக்கு. மின்னிறங்கிய பற்றரி உறைந்து வீங்கியிருந்தால் கம்பி மாட்டவே கூடாது, அது வெடிக்கலாம். இழுவைக் கொக்கி பெரும்பாலும் டிக்கித் தளத்துக்கு அடியில் இருக்கும். அதை எங்கே திருகுவது என்பதை வெயில் நாளிலேயே பார்த்து வையுங்கள்.

டயரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மலையும் பனிச்செதிலும் பொறித்த குளிர்கால டயர் இல்லாவிட்டால் மேற்சொன்ன பொருள்கள் அதற்கு ஈடாகா. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். அந்தச் சட்டம் தமக்கும் பொருந்துமா என்று தயங்காமல், ஒன்ராறியோவிலிருந்து மொன்றியல் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் மாட்டிக்கொண்டு போவதே நல்லது.

அகப்பட்டுவிட்டால் வாகனத்தை விட்டு நடக்க வேண்டாம். தேடி வருபவர்களுக்கு மனிதரைவிட வாகனம் எளிதில் தென்படும். பளிச்சென்ற துணியொன்றை அன்ரெனாவிலோ கதவுக் கண்ணாடியிலோ கட்டுங்கள், அந்தத் துணியும் கையெட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும். பவர்பேங்கைப் போலவே இன்னொரு பொருளையும் வாகனத்தினுள் விட்டுவைக்காதீர்கள்: பூட்டில் உறைந்த பனியை உருக்கும் சிறிய போத்தல் உங்கள் கோட்டுப் பையிலேயே இருக்கட்டும்.