பச்சைக் கோழி, காடை, வாத்து: வீட்டில் பத்திரமாக வைப்பது எப்படி?

கோழியை ஃபிரிட்ஜில் வைக்க ஒரு செய்முறையா என்று தோன்றலாம். ஆனால் ஒழுகாமல், மற்ற சாப்பாட்டில் படாமல், உள்பகுதி வரை சீக்கிரம் குளிரும்படி வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1. குளிரைச் சோதியுங்கள்

ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசர் மைனஸ் 18. திருகில் இருக்கும் 1, 2, 3 எல்லாம் பெரும்பாலும் டிகிரி இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். இதற்காக ஒரு பொருள் மட்டும் வாங்குவதென்றால் தெர்மாமீட்டரை வாங்குங்கள்.

2. கழுவாதீர்கள்

பலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஆனால் தண்ணீரில் அலசினால் சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் சாகாது. தெறித்து சிங்க், பாத்திரம், பக்கத்திலிருக்கும் காய்கறி வரை போய்ச் சேரும். ஒட்டியிருக்கும் இறகைப் பிடுங்கி, ரத்தத்தைக் காகிதத்தால் ஒற்றி, அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கிருமியைக் கொல்வது அடுப்பின் வேலை: கறியின் தடித்த இடத்தில் 74 டிகிரி.

3. பொட்டலம் கட்டுதல்

எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். கடைப் பையோடு கறியை அப்படியே ஃப்ரீசரில் திணித்தால் அது ஒரே கட்டியாகிவிடும். வெளிப்புறம் கல்லாக இருக்கும்போதே நடுப்பகுதி மெதுவாகத்தான் உறையும். எடுக்கும்போதும் அதே கதை. ஓரம் வெதுவெதுப்பாகிவிடும், நடுவில் பனிக்கட்டி இருக்கும். கால் கிலோ வேண்டுமென்றாலும் முழுவதையும் இளக்க வேண்டும்.

அதனால் ஒருவேளைக்கு வேண்டிய அளவை மட்டும் ஜிப் பையில் போட்டு, இரண்டு விரல் தடிமனுக்கு மேல் போகாமல் தட்டையாகப் பரப்புங்கள். பையின் வாய் மட்டும் மேலே இருக்க, மீதியைத் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தினால் தண்ணீரின் அழுத்தமே காற்றை வெளியே தள்ளிவிடும். அப்போது மூடுங்கள். காற்று தங்கினால் கறி உலர்ந்து வெள்ளைத் திட்டு விழும். சாப்பிட ஆபத்தில்லை, சக்கை மாதிரி இருக்கும். இதற்காக வேக்குவம் மெஷின் வாங்குவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

முழுக் காடைக்குக் கால் எலும்பு பையைக் குத்திவிடும். நுனியில் காகிதம் சுற்றுங்கள். ஈரல், இதயத்தைத் தனியாகக் கட்டுங்கள். தேதியை எழுத மறக்காதீர்கள்.

4. எங்கே, எவ்வளவு நாள்

ஃபிரிட்ஜ் என்றால் அடித்தட்டு, அதுவும் விளிம்புள்ள ஸ்டீல் தட்டின் மேல். கதவுப் பக்கம் வேண்டாம். ஃபிரிட்ஜில் 1 அல்லது 2 நாள்தான். ஃப்ரீசரில் முழுக்கோழி ஓராண்டு, துண்டுகள் 9 மாதம், ஈரல் வகை 3 முதல் 4 மாதம் ருசி குறையாமல் இருக்கும். வாத்தில் கொழுப்பு அதிகம். சிக்குவாடை வருவதற்குள் சீக்கிரம் சமைத்துவிடுங்கள்.

5. இளக்குதல்

முந்தின நாளே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். முழுப்பறவைக்கு ஏறத்தாழ 2 கிலோவுக்கு ஒரு நாள். அவசரமென்றால் ஒழுகாத பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகியதும் சமைத்துவிட வேண்டும். மேடையில் வைத்து இளக்குவது வேண்டவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

வீட்டிலேயே அறுத்த கோழி: சூடு ஆறுமுன் ஃப்ரீசரில் வைத்தால் கறி ரப்பராகும். குடலை எடுத்து, ஐஸ் தண்ணீரில் குளிரவைத்து, அறுத்தபின் உடலில் வரும் விறைப்பு விட்டு மூட்டுகள் தளரும்வரை ஃபிரிட்ஜில் வைத்து, அப்புறம் உறைய விடுங்கள். வேட்டைப் பறவை என்றால் குடலை இன்னும் சீக்கிரம் எடுக்க வேண்டும். குண்டு பட்டுக் குடல் கிழிந்திருக்கலாம். ஈயத் துணுக்கு உள்ள சதையைச் சுற்றி வெட்டி எறியுங்கள்.

கரண்ட் போனால்: ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி இருந்தால் 24 மணி நேரம் குளிர் தாங்கும். கரண்ட் வந்ததும் கறியில் பனித்துகள் மிச்சமிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால், வாசனை நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.