பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா? வேதியியலிலும் உயிர்வேதியியலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏடிபியின் பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது." ஏடிபி என்பது செல்லுக்குள் ஆற்றலைக் கைமாற்றும் மூலக்கூறு. உயிர்வேதியியல் விடைத்தாள்களில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இதை எழுதிய அதே மாணவரிடம், "ஹைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிரித்தால் ஆற்றல் கிடைக்குமா, செலவாகுமா?" என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும்: "செலவாகும், மோலுக்கு 436 கிலோஜூல்." இரண்டு பதில்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. ஒன்று வேதியியல் நோட்டில் இருக்கிறது, மற்றது உயிர்வேதியியல் நோட்டில் இருக்கிறது. இரண்டையும் அவர் ஒருசேரத் திறந்து வைத்துப் பார்த்ததில்லை.

தொடக்க நிலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வேதியியலில் அரைகுறையாக விட்டுவந்த ஏதோ ஒன்று, உயிர்வேதியியலுக்குப் போனதும் காலை வாரிவிடுகிறது. மாணவரோ "எனக்கு உயிர்வேதியியல் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

கொடுக்கல் வாங்கல் கணக்கு

எந்தப் பிணைப்பானாலும் அதை உடைக்க ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆகும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் ஹைட்ரஜனைப் பிரிக்க 436 கிலோஜூல், ஒரு மோல் குளோரினைப் பிரிக்க 243 கிலோஜூல். மொத்தச் செலவு 679. இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு உருவாகும்போது வரவு ஏறத்தாழ 864. மிஞ்சுகிற 185 கிலோஜூல்தான் வெப்பமாக வெளிவருகிறது. வெப்பம் உமிழும் வினை என்றால் வரவு செலவைவிட அதிகம் என்று பொருள், அவ்வளவுதான். பழைய பிணைப்புக்குள் வெப்பம் அடைத்து வைக்கப்பட்டிருந்து, உடைத்ததும் பீறிட்டு வரவில்லை.

இதே கணக்கை ஏடிபிக்குப் போடுங்கள். அங்கே பிணைப்பு உடைவது மட்டும் நடக்கவில்லை. ஒரு நீர் மூலக்கூறு உள்ளே வருகிறது, புதிய பிணைப்புகள் உருவாகின்றன. ஏடிபியில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன; அவற்றின் மேல் ஏறக்குறைய நான்கு எதிர்மின் சுமைகள் இருந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன. கடைசி பாஸ்பேட் பிரிந்து போனதும் இந்தத் தள்ளல் குறைகிறது. விடுபட்ட பாஸ்பேட்டில் மின்சுமை பல ஆக்சிஜன்களின் மேல் பரவி நிலைப்படுகிறது. நீர் மூலக்கூறுகளும் அதை இன்னும் நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன. ஆக, விளைபொருள்கள் வினைபடுபொருள்களைவிட நிலையானவை. அந்த வித்தியாசம்தான் பாடநூலில் வரும் மோலுக்கு −30.5 கிலோஜூல் என்ற எண்.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1941-இல் உயிர்வேதியியலாளர் ஃபிரிட்ஸ் லிப்மன் பாஸ்பேட் சேர்மங்கள் செல்லின் ஆற்றல் பரிமாற்றத்தில் வகிக்கும் பங்கை விளக்கியபோது, அந்தப் பிணைப்பை நெளிகோடு போட்டுக் காட்டினார். அதிலிருந்து "உயர் ஆற்றல் பிணைப்பு" என்ற வழக்கு நிலைத்துவிட்டது. கருத்து சரி, சொல் மட்டும் பிணைப்பை வெடிமருந்துப் பொட்டலம்போல ஆக்கிவிட்டது. "ஏடிபி நீராற்பகுக்கப்படும்போது ஆற்றல் கிடைக்கிறது" என்று எழுதப் பழகுங்கள். முழு வினையையும் சொன்னால் கணக்கின் இரண்டு பக்கமும் கண்ணில் இருக்கும்.

இதற்கு முந்தைய படியிலும் இதே ஓட்டை உண்டு. "சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது, குளோரின் வாங்க விரும்புகிறது" என்று பள்ளியில் கற்கிறோம். சோடியத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் ஆகும். குளோரின் அணு அதை வாங்கிக்கொள்ளும்போது வருவது 349. இன்னும் 147 கிலோஜூல் பற்றாக்குறை. விருப்பத்தால் நடக்கிற காரியமாக இருந்தால் உப்பே உருவாகியிருக்காது. நேர் அயனியும் எதிர் அயனியும் அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாகும்போது வெளிப்படும் ஏறத்தாழ 787 கிலோஜூல்தான் இந்தக் கடனை அடைக்கிறது. சோடியம் உலோகத்தை ஆவியாக்கும் செலவையும், குளோரின் மூலக்கூறைப் பிரிக்கும் செலவையும் சேர்த்தாலும் கணக்கு லாபத்தில்தான் முடிகிறது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் அமையும் என்ற எட்டு எலக்ட்ரான் விதி, அமைப்பை ஊகிக்க நல்ல குறுக்குவழி. வினை ஏன் நடக்கிறது என்பதற்கு அது காரணம் ஆகாது.

சொல்லே வழிதவறச் செய்யும் இடங்கள்

தமிழில் படிப்பவர்களுக்குக் கலைச்சொற்கள் பெரிய வரம். சொல்லைப் பார்த்தாலே பொருள் பாதி புரிந்துவிடும். அந்தப் பாதியோடு நின்றுவிடுவதில்தான் ஆபத்து.

"சமநிலை" என்ற சொல்லில் "சம" இருக்கிறது. அதனால் வேதிச் சமநிலையில் வினைபடுபொருளும் விளைபொருளும் சம அளவில் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) அசிட்டிக் அமிலக் கரைசலைப் பாருங்கள். அது சமநிலையில்தான் இருக்கிறது. ஆனால் நூறு மூலக்கூறுகளில் ஒன்று சொச்சம்தான் அயனியாகப் பிரிந்திருக்கும். சமமாக இருப்பது முன்னோக்கு வினையின் வேகமும் பின்னோக்கு வினையின் வேகமும் மட்டுமே. வினை நின்றுவிட்டது என்று எண்ணுவதும் இதே தவறின் இன்னொரு முகம்.

அசிட்டிக் அமிலத்தைப் பற்றிப் பேசும்போதே "வீரியம்", "செறிவு" இரண்டையும் பிரித்துவிடலாம். வீரியம் என்பது எவ்வளவு பங்கு அயனியாகிறது என்பது. செறிவு என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 1. அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தின் பிஎச் ஏறத்தாழ 2.9. ஆனால் இரண்டிலும் சம கனஅளவு எடுத்து முழுதாக நடுநிலையாக்கினால், செலவாகும் சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு ஒன்றே. இதைப் பார்த்து வியப்பவர்கள், காரம் சேரச் சேரச் சமநிலை நகர்ந்து மீதமுள்ள மூலக்கூறுகளும் பிரிகின்றன என்பதை இன்னும் உணரவில்லை என்று பொருள்.

"ஹைட்ரஜன் பிணைப்பு" என்றதும் நீர் மூலக்கூறுக்குள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைக்கும் கோட்டைக் காட்டுபவர்கள் உண்டு. அது சகப்பிணைப்பு, உடைக்க மோலுக்கு 460 கிலோஜூல் அளவில் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையிலான ஈர்ப்பு; அதன் மதிப்பு 20 கிலோஜூல் அளவில்தான். நீர் கொதிக்கும்போது மேலே வரும் குமிழிகளுக்குள் இருப்பது நீராவி; ஹைட்ரஜன் வாயுவும் ஆக்சிஜன் வாயுவும் அல்ல. இந்த வேறுபாடு பிடிபட்டால் டிஎன்ஏ பாடமும் எளிதாகிவிடும். 95 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் இரட்டைச் சுருளின் இரு இழைகளும் பிரிகின்றன, ஆனால் ஒவ்வொரு இழையும் முழுசாகவே இருக்கிறது. இரு இழைகளையும் சேர்த்துப் பிடிப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள், இழைக்குள் இருப்பவை சகப்பிணைப்புகள்; காரணம் மேலே சொன்ன இரண்டு எண்களிலும் இருக்கிறது.

"ஆக்சிஜனேற்றம்" இன்னும் வம்பானது. ஆக்சிஜன் ஏறினால்தானே ஆக்சிஜனேற்றம் என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். எத்தனால் அசிட்டால்டிஹைடு ஆகும்போது ஓர் ஆக்சிஜன் அணுகூடச் சேர்வதில்லை. இரண்டு ஹைட்ரஜன்கள் போகின்றன, அவற்றோடு இரண்டு எலக்ட்ரான்களும் போகின்றன. அதுவும் ஆக்சிஜனேற்றமே. உயிர்வேதியியலில் நடப்பதில் பெரும்பகுதி இப்படித்தான். ஆகவே எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேளுங்கள். போனால் ஆக்சிஜனேற்றம், வந்தால் ஒடுக்கம்.

லாக்டிக் அமிலம் பற்றிய கேள்வியில் இது கைகொடுக்கும். தசைச் செல்லில் பைருவேட் லாக்டேட் ஆகும் படியில் ஓர் ஏடிபிகூட உண்டாவதில்லை. பிறகு எதற்கு அந்தப் படி? குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் பாதையான கிளைக்காலிசிஸின் நடுவில், எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறான என்ஏடி எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு என்ஏடிஎச் ஆகிவிடுகிறது. அதை யாராவது காலி செய்து திருப்பித் தராவிட்டால் கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட் என்ற இடைப்பொருள் இருக்கும் இடத்திலேயே பாதை அடைபட்டுவிடும். பைருவேட் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஒடுக்கமடைகிறது, என்ஏடி விடுதலையாகிறது. இதை எலக்ட்ரான் கணக்காகப் பார்த்தவர் மறக்க மாட்டார். பத்துப் படிகளின் பெயர்களை ஒப்பித்தவர் மறந்துவிடுவார்.

பிஎச் 0.3 குறைந்தால் என்ன ஆகும்?

"கொஞ்சம்தான் குறைகிறது" என்பது தவறான பதில். பிஎச் மடக்கை அளவுகோல். இரத்தத்தின் பிஎச் 7.4 ஆக இருக்கும்போது அதில் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு ஏறத்தாழ 40 நானோமோல். 7.1 ஆகக் குறைந்தால் 80 நானோமோல், இருமடங்கு. இயல்பான இரத்தத்தின் எல்லை 7.35 முதல் 7.45 வரை என்ற குறுகிய இடைவெளியாக இருப்பதன் பொருள் அப்போதுதான் உறைக்கும். மடக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். இரண்டின் மடக்கை 0.3, பத்தின் மடக்கை 1 என்ற இரண்டும் மனதில் இருந்தால் முக்கால்வாசிக் கேள்விகளுக்குக் கால்குலேட்டரே வேண்டாம். இரத்தத்தில் பைகார்பனேட்டும் கரைந்த கார்பன் டைஆக்சைடும் 20-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. 20-இன் மடக்கை 1.3, அந்த இணையின் பிகேஏ (இரண்டும் சம அளவில் இருக்கும்போதுள்ள பிஎச்) 6.1, கூட்டினால் 7.4.

"நடுநிலை என்றால் பிஎச் 7" என்பது 25 டிகிரி செல்சியஸில் மட்டும் சரி. உடல் வெப்பநிலையில் தூய நீரின் பிஎச் 6.8 அளவில் இருக்கும், ஆனாலும் அது நடுநிலைதான். இன்னொன்று: அமினோ அமிலத்தை ஒரு பக்கம் மின்சுமையற்ற அமினோ தொகுதியும் மறுபக்கம் மின்சுமையற்ற கார்பாக்சில் தொகுதியுமாக வரைவார்கள். பிஎச் 7-இல் தனி அமினோ அமிலம் அந்த வடிவில் இருப்பதில்லை. ஒரு முனை நேர்மின் சுமையும் மறுமுனை எதிர்மின் சுமையும் கொண்டிருக்கும். புரதத்தின் மடிப்பு, என்சைமின் வினைமையம் எல்லாம் மின்சுமையை வைத்தே பேசப்படுகின்றன. ஆதலால் பிஎச் சொல்லாமல் கட்டமைப்பு வரையும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

என்சைம் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை

என்சைம் வினையின் வேகத்தைக் கூட்டும். சமநிலை எங்கே நிற்கும் என்பதை மாற்றாது. இந்த வரியை எல்லோரும் எழுதுவார்கள். அடுத்த கேள்வியிலேயே "என்சைம் வினையை விளைபொருள் பக்கம் தள்ளுகிறது" என்றும் எழுதுவார்கள். கார்பானிக் அன்ஹைட்ரேஸை நினைத்துக்கொள்ளுங்கள். திசுக்களில் கார்பன் டைஆக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்ற உதவுவதும் அதுதான். நுரையீரலில் பைகார்பனேட்டை மறுபடி கார்பன் டைஆக்சைடாக்க உதவுவதும் அதே என்சைம்தான். திசையைத் தீர்மானிப்பது அந்தந்த இடத்தில் எது மிகுதி என்பதே.

இதோடு சேர்ந்து வருவது, மேலே சுழியம் போட்டு (ΔG°) எழுதும் திட்ட ஆற்றல் மாற்றத்தை அப்படியே செல்லுக்குள் கொண்டுபோய் வைக்கும் தவறு. கிளைக்காலிசிஸில் வரும் அல்டோலேஸ் என்ற என்சைம் நடத்தும் வினையின் திட்ட மதிப்பு மோலுக்கு +23.8 கிலோஜூல். நேர்க்குறி; ஆகவே நடக்காது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அது ஒவ்வொரு பொருளும் 1 மோலார் இருக்கும்போது உள்ள மதிப்பு. செல்லில் அவ்வளவு எதுவும் இல்லை. விளைபொருள்களை அடுத்த படி உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் வினை முன்னோக்கியே போகிறது. ஏடிபிக்கும் இதே காரணம்தான்: செல்லுக்குள் அதன் மதிப்பு −30.5-இல் நிற்காமல் −50 கிலோஜூல் அளவுக்குப் போகிறது, ஏனென்றால் செல் ஏடிபியைச் சமநிலை அளவுக்கு மிக மேலே வைத்துப் பராமரிக்கிறது.

மோல் பற்றி ஒன்றே ஒன்று. 1 மோலார் உப்புக் கரைசலுக்கு 58.5 கிராம் உப்பை 1 லிட்டர் நீரில் கொட்டக் கூடாது. குறைந்த நீரில் கரைத்து, பிறகு கரைசலின் மொத்த அளவு 1 லிட்டர் ஆகும்வரை நீர் சேர்க்க வேண்டும்.

படிக்கும் முறையில் ஒரு மாற்றம்

தீர்த்து வைத்த கணக்கை வாசித்துவிட்டு "புரிந்துவிட்டது" என்று பக்கத்தைத் திருப்புவது பெருந்தவறு. பிறர் போட்ட வழியைப் பின்தொடர முடிவது ஒரு திறன்; வெறும் தாளில் வழியைத் தொடங்குவது வேறு திறன். தேர்வு கேட்பது இரண்டாவதை. விடையை மூடிவைத்து முதல் வரியையாவது நீங்களே எழுதிப் பார்த்த பிறகு திறங்கள். எங்கே முட்டிக்கொண்டீர்கள் என்பது தெரிந்தால் எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வளர்சிதை மாற்றப் பாதைகளுக்கு நான் பரிந்துரைப்பது அணுவைப் பின்தொடர்வது. பெயர்ப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன் எங்கே போகிறது? குளுக்கோஸ் எரியும் சமன்பாட்டைப் பார்த்தவர்கள் கார்பன் டைஆக்சைடுக்குத்தான் என்பார்கள். தாளை எடுத்துக் கிளைக்காலிசிஸிலிருந்து, கார்பன் டைஆக்சைடு வெளியேறும் கிரெப்ஸ் சுழற்சி முடியும்வரை வரைந்து பாருங்கள். ஓரிடத்திலும் ஆக்சிஜன் மூலக்கூறு வினையில் இறங்குவதில்லை. கார்பன் டைஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் குளுக்கோஸிலிருந்தும், வழியில் சேரும் நீரிலிருந்தும் வருகிறது. நாம் இழுத்த ஆக்சிஜன், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் கடைசியில் நின்று, எலக்ட்ரான்களையும் ஹைட்ரஜன் அயனிகளையும் வாங்கிக்கொண்டு நீராகிறது.