கும்கி அடித்தால் முள் குதிக்கிறது: சொந்த டான்ஸ் ஆல்பத்தை வினைல் தட்டாக்குவது எப்படி?

போன வருடம் என் ஆறு பாட்டு டான்ஸ் ஆல்பத்தை 12 அங்குல வினைல் தட்டாகப் போட்டேன். எல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டின் பின்னறையில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு தனியாளாகச் செய்தது. எங்கள் டர்பனில் பிறந்த க்கோம் (gqom) என்ற டான்ஸ் இசையின் தாளம், அதன் மேல் மிருதங்கம். பாட்டு எப்படிச் செய்வது என்று இங்கே சொல்லப் போவதில்லை. மிக்ஸ் முடிந்துவிட்டது, லேப்டாப்பில் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது, இனி தட்டாக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது.

1. நிமிடக் கணக்கு

33⅓ வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 18 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 வரை இழுக்கலாம், ஆனால் தட்டில் ஒலி பதியும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால் சத்தம் குறையும். டான்ஸ் இசையில் முதலில் அடிபடுவது பேஸ் என்ற அடி ஒலிதான். என்னிடம் 43 நிமிடம் இருந்தது. இரண்டு பாட்டின் நீளமான தொடக்கங்களை வெட்டி 36-க்குக் கொண்டுவந்தேன். மனசு வலித்தது. இப்போது கேட்டால் வெட்டியதுதான் சரி என்று தோன்றுகிறது.

பாட்டு வரிசையும் இதே கணக்கைச் சேர்ந்ததுதான். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது; லேபிளை நெருங்கும்போது அது சுமார் 21 செ.மீ. ஆகிவிடும். அங்கே கூர்மையான ஒலிகள் கரகரக்கும். அதனால் ஹைஹாட் (டிரம் செட்டின் ஜோடித் தாளத்தட்டு) தெறிக்கும் பாட்டு முதலில், அடக்கமான பாட்டு கடைசியில்.

2. பேஸ் நடுவில் இருக்கிறதா?

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

மொத்தமாக அச்சடிக்கும் முன் கேட்டுப் பார்க்க ஐந்து டெஸ்ட் பிரஸ்ஸிங், அதாவது சோதனைத் தட்டுகள், வந்தன. இரண்டாம் பக்கம், இரண்டாவது பாட்டு. தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தில், கும்கி என்ற இழுவையான அடி ஒலி ஒன்று விழும், அந்த இடத்தில் முள் ‘டப்’பென்று குதித்து அடுத்த பள்ளத்துக்குப் போய்விட்டது. ஐந்து தட்டிலும் அதே இடம். என் டர்ன்டேபிள்தான் மோசம் என்று நினைத்து, முள் தலையில் ஒரு ஐம்பது சென்ட் காசை வைத்துப் பார்த்தேன். (நீங்கள் வைக்காதீர்கள், தட்டு தேயும்.) அப்புறம் பக்கத்துத் தெரு அங்கிள் வீட்டு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் போட்டோம். அங்கேயும் குதித்தது. “தம்பி, மெஷின்ல ஒண்ணும் இல்ல. உன் பாட்டுலதான் ஏதோ இருக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்து மிக்ஸைத் திறந்து, இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டும் மோனோ பட்டனை அழுத்தினேன். கும்கியைக் காணோம்! வலது முகமான வலந்தலையின் ‘தின்’ மட்டும் கேட்கிறது, தொப்பியின் அடி ஒலியில் பாதிக்கு மேல் ஆவியாகிவிட்டது.

நடந்தது இதுதான். மிருதங்கத்தின் இரு முகத்துக்கும் ஒவ்வொரு மைக் வைத்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் முழுசாக ஒதுக்கியிருந்தேன். தொப்பியை அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகும். உள்ளே இருக்கும் காற்று எதிர்முகத் தோலை வெளியே தள்ளும். ஒரு மைக்கை விட்டுத் தோல் விலகும் நேரத்தில் இன்னொரு மைக்கை நோக்கி வருகிறது. இரண்டு மைக்கிலும் அதே பேஸ், ஆனால் நேர் எதிர்த் திசையில். கூட்டினால் கழிந்துவிடும்.

ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தில் இரு சுவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சேனல். இரண்டும் ஒத்துப்போனால் முள் பக்கவாட்டில் ஆடும். எதிரெதிராக இருந்தால் மேலும் கீழும் ஆடும். கனமான பேஸ் இப்படி மேலும் கீழும் ஆடினால் பள்ளம் ஓரிடத்தில் ஆழமாகவும் அடுத்த இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் வெட்டப்படும். முள் பிறகு எங்கே நிற்கும்?

தட்டு வெட்டுகிற எஞ்சினியர் இதைச் சரிசெய்திருப்பார். நான்தான் பெரிய கலைஞன் மாதிரி “எதையும் தொடாதீர்கள்” என்று எழுதி அனுப்பியிருந்தேன். மறுபடி வெட்டின செலவு என் தலையில்.

சரி, திருத்தம் இரண்டு நிமிட வேலை. ஒரு மைக் டிராக்கின் பொலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் திசையை, தலைகீழாகத் திருப்புங்கள். ஏபிள்டன் லைவ் மென்பொருளில் அந்த டிராக்கில் ‘யுடிலிட்டி’ என்ற கருவியைப் போட்டு இரண்டு ஃபேஸ் பட்டனையும் அழுத்தினால் போதும். அப்புறம் மாஸ்டரில் இன்னொரு யுடிலிட்டி போட்டு ‘பேஸ் மோனோ’வை 150 ஹெர்ட்ஸில் வையுங்கள். ரீப்பர் மென்பொருள்காரர்கள் சோதித்துப் பார்க்க வாக்செங்கோ ஸ்பேன் என்ற செருகுநிரலை இறக்கிக்கொள்ளலாம், இலவசம்தான். அதில் இரு சேனலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் உஷார். வரிசை முக்கியம்: பொலாரிட்டியைத் திருப்பாமல் பேஸை மட்டும் மோனோ ஆக்கினால் முள் குதிக்காது, கும்கியும் இருக்காது.

ஹெட்போனை நம்பாதீர்கள். அதில் இடதும் வலதும் கலக்கவே கலக்காது, அதனால்தான் எனக்கு நான்கு மாதம் இது தெரியவில்லை. ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும், கையோடு காட்டிக்கொடுத்துவிடும்.

3. மற்றவை

ஸ, ஷ ஒலிகளும் ஹைஹாட்டும் சீறினால், சீறலை அடக்கும் டீ-எஸ்ஸர் போடுங்கள். மாஸ்டரில் லிமிட்டரை வைத்து உரத்த ஒலிகளை நசுக்காதீர்கள். பக்கத்துக்கு ஒரு 24 பிட் வேவ் கோப்பு, பாட்டு இடைவெளியெல்லாம் அதற்குள்ளேயே. கூடவே ஒவ்வொரு பாட்டும் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று ஒரு பட்டியல். எம்பி3 அனுப்பவே கூடாது.

அச்சுக்கான மூலத் தட்டை எதில் வெட்டுவது, லாக்கரா, டிஎம்எம்மா (Direct Metal Mastering) என்று கேட்பார்கள். முதலாவதில் மென்மையான லாக்கர் பூச்சில் வெட்டுவார்கள், இரண்டாவதில் நேராகச் செம்பில். பேஸ் இசைக்கு என் ஓட்டு லாக்கருக்கு. ஆனால் உலகில் லாக்கர் தட்டு செய்துவந்த இரண்டே ஆலைகளில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்போலோ 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. காத்திருப்பு நீண்டால் டிஎம்எம்மும் மோசமில்லை.

உரிமை விஷயம்: பழைய தமிழ்ப் படப் பாட்டிலிருந்து நான்கு நொடி வெட்டி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். “நாலு நொடிதானே” என்ற சலுகை எதுவும் சட்டத்தில் இல்லை. அடுத்தவர் பாட்டைப் புதிதாகப் பாடித் தட்டில் போடுவதென்றால் இங்கே பாட்டை மறுபதிவு செய்ய உரிமம் தரும் கப்பாஸோ (CAPASSO) அமைப்பிடம் போக வேண்டும்.

வெளிநாட்டில் அச்சடித்தால் இங்கே வந்து இறங்கும்போது 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. அதுவும் பில் தொகையின் மேல் அல்ல. 10 சதவீதம் ஏற்றிய தொகையின் மேல். தட்டுக்கு என்ன விலை வைப்பது என்று இதைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பிற்சேர்க்கை

45 வேகத்தில் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒலி இன்னும் நன்றாக இருக்கும், பேஸும் தாராளமாக நிற்கும். ஆனால் பக்கத்துக்கு 12 நிமிடம்தான். முழு ஆல்பத்துக்கு இரண்டு தட்டு ஆகும், செலவும் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா, தட்டு வளைந்து வந்துவிட்டது, மாற்றித் தர முடியுமா என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், கூரியரில் வந்த பெட்டி பிரிக்காமலே இரண்டு நாள் காரின் பின் சீட்டில் கிடந்திருக்கிறது. ஜனவரி மாதம், டர்பன் வெயில்! வேறு தட்டு அனுப்பினேன். அப்போதிருந்து பெட்டியின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘காரில் வைக்காதீர்கள்’ என்று மார்க்கரால் எழுதுகிறேன்.