கடைசி டன்னின் செலவைப் பாருங்கள்
ஓர் ஆலையில் இரண்டு பாய்லர்கள். மொத்தம் 100 டன் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க வேண்டும். உடனே ஆளுக்குப் பாதி என்று பிரித்துவிடாதீர்கள்.

முதல் பாய்லரில் 'அ' டன் குறைக்க 2அ² ஆயிரம் ரூபாய், இரண்டாவதில் 'ஆ' டன்னுக்கு 3ஆ² ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆ = 100 − அ. மொத்தச் செலவு மிகக் குறைவாகும் இடம் வேண்டும்; அதற்கு அதை வகையிட்டு (அ சற்றே மாறும்போது செலவு மாறும் வேகத்தைக் கண்டு), சுழியாக்குங்கள்: 4அ = 6(100 − அ). அதாவது அ = 60, ஆ = 40. செலவு 1.20 கோடி. பாதிப்பாதி என்றால் 1.25 கோடி!

காரணம் எளிது. 50-50இல் கடைசி டன்னுக்கு ஒரு பக்கம் 2 லட்சம், மறுபக்கம் 3 லட்சம். 60-40இல் இரண்டுமே 2.4 லட்சம். அமெரிக்க மின் நிலையங்களுக்கு 1995இல் தொடங்கிய கந்தக உரிம வர்த்தகமும் (கந்தக டை ஆக்சைடை வெளியிடும் உரிமத்தை நிலையங்கள் தங்களுக்குள் வாங்கி விற்பது) இந்தக் கணக்குதான்: மலிவாகக் குறைக்க முடிந்தவர் அதிகம் குறைப்பார்.

அப்புறம், முதல் பாய்லரின் கருவி 45 டன்தான் தாங்கும் என்றால் வகையீடு சொல்லும் 60ஐ விட்டுவிட்டு, 45-55 என்று பிரியுங்கள்.