எச்சரிக்கை வரவில்லையா? 162-ஐ யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடை. மாடியில் ஒரு கேமராவின் இணைப்பு போனால், கேமரா கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் உடனே தகவல் அனுப்பும். அது கல்லாப்பெட்டி பக்கத்துக் கணினியில் சிவப்பாகக் காட்ட வேண்டும். நாம் தனியாகப் போட்ட கண்காணிப்பு மென்பொருள் எதையும் காட்டவில்லை. இரண்டு முறை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினேன். அரை நாள் வீண்.

கோளாறு மென்பொருளில் இல்லை. ஸ்விட்ச் இப்படித் தானாக அனுப்பும் தகவலுக்கு டிராப் என்று பெயர். அது வழக்கமாகக் கணினியில் யுடிபி 162 என்ற போர்ட்டுக்கு, அதாவது அந்த எண்ணுள்ள வாசலுக்கு, வரும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அதே கதைதான். விண்டோஸின் சொந்த டிராப் சேவை முதலில் துண்டு போட்டுவிட்டால், நாம் போட்ட மென்பொருள் நின்றுகொண்டே வர வேண்டியதுதான்.

முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள். ஸ்டார்ட்டில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் பக்கத்தில் லிசனிங் போர்ட்ஸ் பகுதியை விரியுங்கள். போர்ட் என்ற தலைப்பைச் சொடுக்கினால் எண்கள் வரிசையாகிவிடும். 162-க்கு நேரே 'எஸ்என்எம்பிடிராப்.எக்ஸி' (snmptrap.exe) இருந்தால் அவர்தான். எஸ்என்எம்பி என்பது நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் முறையின் பெயர்.

அடுத்து, நிறுத்துவதற்கு முன் உங்கள் மென்பொருளின் கையேட்டை ஒரு முறை பாருங்கள். சில மென்பொருள்கள் விண்டோஸின் இந்தச் சேவை வழியாகவே டிராப்பை வாங்கும். அப்படியென்றால் அதில் கை வைக்காதீர்கள். இல்லையென்றால் விண்டோஸின் சேவைகள் பட்டியலான சர்வீசஸைத் திறந்து, எஸ்என்எம்பி டிராப்பை இரட்டைச் சொடுக்கி ஸ்டாப் கொடுங்கள். ஸ்டார்ட்அப் டைப்பை டிசேபிள்டு ஆக்குங்கள். வெறுமனே நிறுத்தினால் இன்னொரு நாள் திரும்ப எழுந்து வந்துவிடும்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான்: எஸ்என்எம்பி சர்வீஸ் என்று இன்னொன்றும் இருக்கலாம். அது 161-இல் கேள்விக்குப் பதில் சொல்லும் வேறு ஆள். அதை அணைத்தால் இந்தக் கணினியைப் பற்றிய விவரமே வராது.

சரி, இப்போது உங்கள் மென்பொருளின் சேவையை ரீஸ்டார்ட் செய்து, 162 அதன் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். ஃபயர்வாலில் யுடிபி 162 உள்ளே வர அனுமதி வேண்டும். ஸ்விட்ச் அமைப்பில் டிராப் போக வேண்டிய முகவரி இந்தக் கணினியுடையதா என்பதையும் சரிபாருங்கள்.

அப்புறம் சோதனை. கடைப் பையனை மாடிக்கு அனுப்பி ஒரு கேமரா கேபிளை உருவச் சொன்னேன். திரையில் சிவப்பு விழுந்தது. மேலேயிருந்து குரல் வந்தது: "அண்ணே, திரும்ப மாட்டட்டா?"